ஏன் ரெண்டு ஸ்டார்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "காலேஜ்ல ஏஐ யூஸ் பண்றத பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு எழுதினாலும் எழுதினேன், இன்பாக்ஸ் ரொம்பி வழியுது. அதுல பாதி ஒரே கேள்விதான், மாட்டிக்காம எப்படி யூஸ் பண்றதுன்னு. முப்பது வருஷம் கிளாஸ் எடுத்து ரிட்டயர் ஆனவகிட்ட வந்து கேட்கிற கேள்வியாப்பா இது? மிச்சத்துல இருந்து சிலத எடுத்திருக்கேன். யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான்.

மேம், நான் பிஇ கம்ப்யூட்டர் சயின்ஸ் செகண்ட் இயர். டேட்டா ஸ்ட்ரக்சர் லேபுக்கு எல்லா எக்ஸர்சைஸும் சாட்ஜிபிடிலதான் எடுத்தேன், ஒவ்வொரு வாரமும் ரெக்கார்ட்ல சைனும் வாங்கிட்டேன். அது விளக்கும்போது நல்லாத்தான் புரிஞ்சுது. மாடல் லேப் பரீட்சைல நெட் கிடையாது, பத்து நிமிஷம் ஸ்கிரீனையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். புரிஞ்சதெல்லாம் எங்க மேம் போச்சு?
– மாணவர், கோவை

தம்பி, கேரியர்ல உட்கார்ந்து பத்து கிலோமீட்டர் போனவனுக்கு ரோடு நல்லா தெரியும், சைக்கிள் ஓட்டத் தெரியாது. உனக்கு நடந்தது அதுதான்.

லிங்க்ட் லிஸ்ட்ல, அதாவது ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டம் எங்க இருக்குன்னு காட்டுற சங்கிலில, முதல் கட்டத்த டெலீட் பண்ற ஃபங்ஷன எடுத்துக்கோ. ஏஐ குடுக்கிற சி கோட்ல பல தடவ, முதல் கட்டத்த காட்டுற ஹெட்டுக்கு முன்னாடி ரெண்டு ஸ்டார் (**) இருக்கும். எக்ஸ்டர்னலா, அதாவது வெளியில இருந்து வர்ற தேர்வாளரா, போற இடத்துல எல்லாம் வைவால (வாய்மொழித் தேர்வுல) நான் இதத்தான் கேட்பேன், "ஏம்பா ரெண்டு ஸ்டார்?" கடைசியா போன பேட்ச்ல கிட்டத்தட்ட எல்லார் கோட்லயும் ரெண்டு ஸ்டார் இருந்துச்சு, பதில் சொன்னவங்க நாலே பேர், அந்த நாலு பேரும் என்னைக்கோ ஒரு நாள் ஒத்த ஸ்டார் போட்டு மாட்டினவங்க. ஃபங்ஷனுக்குள்ள ஹெட்ட மாத்திட்டான், உள்ளயே பிரிண்ட் போட்டா சரியா காட்டுது, மெயினுக்கு வந்தா பழைய ஹெட் அப்படியே நிக்குது, அதுவும் ஃப்ரீ பண்ணிட்ட இடத்த காட்டிக்கிட்டு நிக்குது, புரோகிராம் குப்பையா கக்குது. ஒரு மணி நேரம் மண்டைய உடைச்சதுக்கப்புறம்தான் ஃபங்ஷனுக்குள்ள போனது ஹெட்டோட காப்பின்னும், நிஜ ஹெட்ட மாத்தணும்னா அது இருக்கிற இடத்தையே ரெண்டு ஸ்டார் போட்டு வாங்கணும்னும் தெரியுது, அப்புறம் ஆயுசுக்கும் அது மறக்காது. அந்த ஒரு மணி நேரம்தான் லேப், அத நீ சாட்ஜிபிடிகிட்ட குடுத்துட்ட, உனக்கு மிஞ்சினது ரெக்கார்ட்ல சைன்.

இத நான் வயசான டீச்சர் புலம்பலா சொல்லல. துருக்கில ஒரு ஸ்கூல்ல கிட்டத்தட்ட ஆயிரம் பசங்கள வச்சு கணக்குப் பாடத்துல பார்த்திருக்காங்க, 2025ல பேப்பரா வந்துச்சு. ஒரு குரூப்புக்கு சும்மா ஜிபிடி 4, கேட்டா விடைய அப்படியே குடுத்துடும். இன்னொரு குரூப்புக்கு விடை சொல்லாம குறிப்பு மட்டும் குடுக்கிற மாதிரி மாத்தி வச்ச ஜிபிடி, மூணாவது குரூப்புக்கு ஒண்ணும் இல்ல. பயிற்சிக் கணக்கு போடும்போது முதல் குரூப் 48 சதவீதம் கூடுதலா பண்ணுச்சு, ரெண்டாவது குரூப் 127 சதவீதம். அப்புறம் ஏஐய புடுங்கிட்டு பரீட்சை வச்சாங்க. விடைய அப்படியே வாங்கின குரூப், ஏஐயே இல்லாம படிச்சவங்கள விட 17 சதவீதம் கம்மி! குறிப்பு மட்டும் வாங்கினவங்களுக்கு அந்த அடி பெருசா விழல. இதுல எனக்கு தூக்கிப் போட்டது வேற விஷயம், அடி வாங்கின பசங்களுக்கு தாங்க கம்மியா கத்துக்கிட்டோம்னே தோணலையாம். "நல்லாத்தான் புரிஞ்சுது"ன்னு நீ எழுதியிருக்கியே, அதே.

பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்குல்ல, முதல்ல பேப்பர்ல மூணு கட்டம் போட்டு அம்புக்குறி வரைஞ்சு கைல ஓட்டிப் பாரு. அப்புறம் கோட் நீயே எழுது, கேவலமா இருந்தாலும் பரவால்ல. ஓடலன்னா அப்போ ஏஐகிட்ட போ, ஆனா "கோட் குடு"ன்னு கேட்காத, "எந்த வரில தப்பு இருக்குன்னு மட்டும் சொல்லு, திருத்தாத"ன்னு கேளு. அது பாட்டுக்கு திருத்தியும் குடுத்துடும், அதுக்கு வாய் நீளம், பார்க்காம மூடிடு. அதுவும் முடிஞ்சா "எக்ஸ்டர்னல் மாதிரி என்கிட்ட அஞ்சு கேள்வி கேளு, நான் பதில் சொன்னதுக்கப்புறம் விடை சொல்லு"ன்னு கேளு. இதுக்கு அது உண்மையிலேயே நல்லா உதவும், ராத்திரி ரெண்டு மணிக்கு சலிக்காம வைவா கேட்கிற சீனியர் எந்த ஹாஸ்டல்ல இருக்கான் சொல்லு.

பையன் பிகாம் படிக்கிறான், மாசா மாசம் காசு கட்டி ஏஐ வாங்கிக் குடுங்கன்னு நச்சரிக்கிறான். வாங்கணுமா அம்மா?
– அப்பா, சிவகாசி

வேணாம் சார். ஃப்ரீயா வர்றதே காலேஜ் படிப்புக்கு தாராளம், போதாக்குறைக்கு 2025ல ஏர்டெல்லும் ஜியோவும் ரீசார்ஜோடயே காசு கட்ற ஏஐய ஃப்ரீன்னு குடுத்தாங்க. உங்க சிம்முக்கு இப்போ இருக்கான்னு பையனையே பார்க்கச் சொல்லுங்க. அந்தக் காசுக்கு கணக்குப் பதிவியல் புக் வாங்கிக் குடுங்க, பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாம அவன் உட்கார்ந்து முழிக்கட்டும், நல்லது.

நான் அசிஸ்டெண்ட் புரொஃபசர், ஆங்கிலத்துறை. ஒரு மாணவி குடுத்த அசைன்மெண்ட்ட டிடெக்டர்ல போட்டேன், முக்கால்வாசி ஏஐன்னு காட்டுது. கூப்பிட்டு கேட்டா "நானே எழுதினேன் மேடம்"னு அழுவுறா. எச்ஓடி (துறைத் தலைவர்) ஜீரோ போடுங்கன்னு சொல்றார். எனக்கு மனசு கேட்கல.
– ஆசிரியை, சேலம்

மனசு கேட்கலன்னா போடாதீங்க. நான் இத பண்ணிட்டு அவமானப்பட்டவ, அதனால சொல்றேன்.

2023 கடைசில, நான் அப்போ இருந்த காலேஜ்ல, ஒரு பொண்ணு. கவர்மெண்ட் ஸ்கூல், வீட்டுல முதல் ஆளா காலேஜ் வந்தவ. அசைன்மெண்ட் ஆரம்பம் நடு முடிவுன்னு வரி மாறாம அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு, டிடெக்டரும் ஏஐன்னுடுச்சு, நான் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். மறுநாள் அவ ஒரு கோடு போட்ட ரஃப் நோட்ட கொண்டு வந்து மேஜைல வச்சா. அதே கட்டுரை, மூணு தடவ எழுதி அடிச்சிருக்கு, ஓரத்துல பென்சில்ல கஷ்டமான வார்த்தைக்கெல்லாம் தமிழ் அர்த்தம். அச்சடிச்ச மாதிரி ஏன் இருந்துச்சுன்னா, பிளஸ் டூ வரைக்கும் நாமதான் கைடு வச்சு அப்படி எழுத பழக்கினோம். கிளாஸ்ல கேட்டதால கிளாஸ்லயே மன்னிப்பும் கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல, ஆனா அந்த செமஸ்டர் முழுக்க என் கிளாஸ்ல வாயத் திறக்கல.

டிடெக்டர் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தீங்கன்னா, பெரும்பாலும் அது அடுத்த வார்த்தைய எவ்ளோ சுலபமா யூகிக்க முடியுதுன்னு பார்க்குது. யூகிக்க முடிஞ்சா மெஷின், முடியலன்னா மனுஷன். தெரிஞ்ச கொஞ்ச வார்த்தைய வச்சு கவனமா எழுதுற ரெண்டாம் மொழிக்காரங்க எழுத்தும் சுலபமா யூகிக்கிற மாதிரிதானே இருக்கும். 2023ல ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க ஏழு டிடெக்டர எடுத்து, டோஃபல்ங்கிற இங்கிலீஷ் பரீட்சைக்கு வெளிநாட்டுப் பசங்க எழுதின 91 கட்டுரைய போட்டுப் பார்த்தாங்க. மனுஷங்க எழுதின அந்தக் கட்டுரைகள்ல சராசரியா 61 சதவீதத்த ஏஐ எழுதினதுன்னு சொல்லிச்சு, அமெரிக்க எட்டாங்கிளாஸ் பசங்க கட்டுரைல அந்தத் தப்பே அவ்வளவா இல்ல. சாட்ஜிபிடிய செஞ்ச ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரில ஒரு டிடெக்டர் விட்டுட்டு, அது சரியா கண்டுபிடிக்கலன்னு ஜூலைல மூடிட்டாங்க. செஞ்சவனாலயே முடியலங்க. இப்போ வர்ற டிடெக்டருங்க முன்ன விட தேறியிருக்கலாம், ஆனாலும் அந்த நம்பர் ஒரு சந்தேகம்தான், அத வச்சு ஒரு பொண்ணுக்கு ஜீரோ போட முடியாது.

எச்ஓடிகிட்ட "பேசிப் பார்த்துட்டு சொல்றேன் சார்"னு ஒரு வாரம் வாங்குங்க. அந்தப் பொண்ண தனியா கூப்பிட்டு, விசாரணை மாதிரி இல்லாம, அவ கட்டுரைய முன்னாடி வச்சு பேசுங்க, ரெண்டாவது பாராவுல ஏன் இந்த உதாரணம், இத எங்க படிச்ச, இன்னும் ஒரு பக்கம் எழுதச் சொன்னா என்ன சேர்ப்பன்னு. கூகுள் டாக்ல எழுதியிருந்தா பழைய வெர்ஷன் எல்லாம் இருக்கும், காட்டச் சொல்லுங்க. எழுதினவளுக்கு தடுமாறியாவது பேச்சு வரும், எழுதாதவ எவ்ளோ ஃப்ளூயண்டா இருந்தாலும் மூணாவது கேள்வில முழிப்பா.

அடுத்த செமஸ்டர் அசைன்மெண்ட்டயே மாத்திடுங்க. "ஆற்று மாசு பத்தி கட்டுரை"ன்னு குடுத்தா நானே ஏஐகிட்டதான் போவேன். திருமணிமுத்தாறு உங்க ஊருக்குள்ளதானே ஓடுது, போய் ஒரு இடத்துல நின்னு பார்த்து, அங்க கடை வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட பேசி, அவர் சொன்னத இங்கிலீஷ்ல எழுதுன்னு குடுங்க. ஏஐ வச்சு இலக்கணம் திருத்திக்கட்டும், அந்தக் கடைக்காரர் வாய்ல இருந்து வந்தத அது குடுக்க முடியாது. அத திருத்தும்போது உங்களுக்கும் தூக்கம் வராது.

அக்கா, நான் தமிழ் மீடியம், இப்போ பிஎஸ்சி பிசிக்ஸ். தமிழ்ல எழுதி ஏஐல குடுத்து இங்கிலீஷா மாத்தி சப்மிட் பண்றேன். இது காப்பியா?
– மாணவி, திருவண்ணாமலை

இல்லம்மா, பிசிக்ஸ் உன்னோடதா இருந்தா இது காப்பி இல்ல, ஆனா உங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு செய். இங்கிலீஷ் பேப்பருக்கு மட்டும் இத பண்ணாத, அங்க இங்கிலீஷ்தான் பாடம்.

ஒண்ணு மட்டும் மாத்திக்கோ. தமிழ்ல எழுதி மாத்துறதுக்கு பதிலா தப்பும் தவறுமா இங்கிலீஷ்லயே எழுதிட்டு, "மாத்தி எழுதாத, தப்ப மட்டும் காட்டி ஏன் தப்புன்னு தமிழ்ல சொல்லு"ன்னு கேளு. ஒரே தப்பத்தான் திரும்பத் திரும்ப பண்ணுவ, நம்ம எல்லாரும் "டிஸ்கஸ் அபௌட்"னு எழுதுற மாதிரி. மூணு மாசத்துல பாதி போயிடும். அது குடுத்தது ரொம்ப பளபளன்னு இருந்து, வாய்விட்டு படிச்சா உனக்கே நாக்கு சுத்துதுன்னா அந்த வரிய தூக்கிடு.

பாடத்த தமிழ்ல விளக்கச் சொல்லியும் கேட்கலாம், நல்லாவே சொல்லும், ஆனா கலைச்சொல்லுல கோட்டை விடும். ஸ்கூல் புக்ல எனர்ஜின்னா ஆற்றல், பவர்னா திறன், ஃபோர்ஸ்னா விசை. ஏஐ சில சமயம் எல்லாத்தையும் சக்தின்னு ஒரே கூடைல போட்டுடும், ஒரே பாராவுல பவரும் எனர்ஜியும் ஒண்ணாயிடும். உன் பிளஸ் ஒன் பிசிக்ஸ் புக்க தூக்கிப் போடலல்ல? பக்கத்துல வச்சுக்கோ. தமிழ் மீடியத்துல படிச்சது இந்த ஒரு இடத்துல உனக்கு லாபம், மத்தவங்களுக்கு அது தப்புன்னே தெரியாது.

ஐயா/அம்மா, தமிழ்த்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சங்க இலக்கியத்தில் நெய்தல் பற்றி ஏஐயிடம் மேற்கோள் கேட்டேன். பாட்டு எண்ணோடு பத்து கொடுத்தது. நெறியாளர் பார்த்துவிட்டு நான்கு பாட்டு உலகத்திலேயே இல்லை என்கிறார். ஏன் இப்படி பொய் சொல்கிறது?
– ஆய்வாளர், மதுரை

பொய் சொல்லணும்னு சொல்லல, அதுக்கு உண்மை பொய்யே தெரியாது. ஒரு வார்த்தைக்கு அடுத்து எந்த வார்த்தை வந்தா பொருத்தமா இருக்கும்னு அடுக்குறதுதான் அதோட வேலை. "புன்னை", "பெருங்கடல்", "தோழி"ன்னு அடுக்கினா காதுக்கு சங்கப்பாட்டு மாதிரியே கேட்கும், பக்கத்துல ஒரு எண்ணையும் போட்டுடும். அதுவும் நெட்ல இங்கிலீஷ் இருக்கிற அளவுக்கு தமிழ் இல்ல, பழந்தமிழ் அத விடக் கம்மி, அதனால இங்கதான் அதிகமா அடிச்சு விடும்.

ஆனா நீங்க தமிழ் படிச்சவங்க, உங்ககிட்டயே தராசு இருக்கு. குறுந்தொகை கடவுள் வாழ்த்த விட்டா 401 பாட்டு, நற்றிணை, அகநானூறு, புறநானூறு எல்லாம் 400. குறுந்தொகை 437ன்னு குடுத்துச்சுன்னா அங்கயே தெரிஞ்சு போச்சு. குறுந்தொகைப் பாட்டு 4 அடில இருந்து 8 அடி, ஒண்ணு ரெண்டுதான் 9க்கு போகும். நற்றிணை பெரும்பாலும் 9ல இருந்து 12, அகநானூறு 13ல இருந்து 31. பதினாலு அடில ஒரு குறுந்தொகைப் பாட்டு வந்தா அது யாரோட பாட்டுன்னு யோசிக்க வேண்டாமா? எண் சரியா இருந்தா மட்டும் நம்பிடாதீங்க, எண் சரி, புலவர் பேர் சரி, உள்ள இருக்கிற அடி மட்டும் கற்பனைங்கிறதும் நடக்குது, அதுதான் ரொம்ப ஆபத்து. உ.வே.சா. 1937ல போட்ட குறுந்தொகைப் பதிப்பு இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகம் தளத்துலயும் புராஜெக்ட் மதுரைங்கிற மின்நூல் தளத்துலயும் மூலம் ஃப்ரீயா கிடைக்குது, ஒவ்வொரு அடியையும் அங்க போய் பாருங்க. ஆராய்ச்சிக் கட்டுரை மேற்கோள்னா டிஓஐ எண்ண, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியா குடுக்கிற அடையாள எண்ண, தேடுங்க, அந்த எண்ல அதே தலைப்பு, அதே ஆசிரியர் வரணும், வரலன்னா தூக்கிடுங்க.

தயவுசெஞ்சு "இது உண்மையா?"ன்னு ஏஐகிட்டயே கேட்காதீங்க. நியூயார்க்ல ஒரு வக்கீல் அதத்தான் பண்ணினார். ஏர்லைன்ஸ் மேல போட்ட கேஸுக்கு சாட்ஜிபிடி குடுத்த பழைய தீர்ப்புகள கோர்ட்ல தாக்கல் பண்ணிட்டார், நடுவுல சந்தேகம் வந்து இதெல்லாம் நிஜ கேஸான்னு அதுகிட்டயே கேட்டிருக்கார், அதுவும் ஆமான்னுடுச்சு. எல்லாம் கற்பனை. 2023 ஜூன்ல நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார்.

ஏஐய எதுக்கு வச்சுக்கலாம்னா, நீங்க எழுதின இயல எதிர்த்து வாதாடச் சொல்லுங்க, "ஒரு புறத்தேர்வாளர் இதுல எங்க கை வைப்பார்"னு கேளுங்க. அது சொல்றதுல பாதி உளறலா இருக்கும், ஒண்ணு ரெண்டு சுருக்குன்னு தைக்கும்.

யுஜிசி சாஃப்ட்வேர்ல சிமிலாரிட்டி 10 சதவீதத்துக்கு கீழ இருந்தா ஓகேதானே? ஏஐல எழுதினது 3 தான் காட்டுது.
– ஆய்வாளர், சென்னை

அது வேற தராசுப்பா. 2018ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட விதி பார்க்கிறது அடுத்தவங்க எழுத்தோட எவ்ளோ ஒத்துப் போகுதுன்னு. 10 வரைக்கும் தண்டனை இல்ல, 10 தாண்டினா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 40 தாண்டினா ஒரு வருஷம் குடுக்கவே முடியாது, 60 தாண்டினா பதிவே கேன்சல். ஏஐ ஒவ்வொரு தடவையும் புதுசா கோர்க்கிறதால நம்பர் கம்மியாத்தான் வரும். வைவால அந்த 3 சதவீதம் உனக்கு பதில் சொல்லாது.

பேப்பர் திருத்த ஏஐ யூஸ் பண்ணலாமா மேடம்? எனக்கு ரெண்டு செக்‌ஷன், 120 பேப்பர். கொஸ்டின் பேப்பரும் நான்தான் செட் பண்ணணும்.
– விரிவுரையாளர், திருநெல்வேலி

120 பேப்பர்னு படிச்சதுமே எனக்கு கழுத்து வலிச்சுது. ஆனா பசங்க பேர், ரிஜிஸ்டர் நம்பரோட ஸ்கேன் பண்ணி உங்க சொந்த அக்கவுண்ட்ல ஏத்தாதீங்க. செட்டிங்ஸ்ல போய் மாத்தலன்னா பல ஏஐல நாம போடுறது அவங்க மாடலுக்கு தீனியாவும் போகலாம், அது பசங்களோட தகவல், 2023லயே அதுக்கு சட்டம் போட்டாச்சு. நடக்கப் போற பரீட்சையோட கொஸ்டின் பேப்பர அங்க ஒட்டுறதும் வேண்டாம். பழைய கேள்விய மாதிரிக்கு குடுத்து "இத மாதிரி பத்து"ன்னு வாங்கி, அதுல ரெண்ட எடுத்து நீங்க மாத்தி எழுதுங்க, விடைய நீங்களே ஒரு தடவ போட்டும் பாருங்க. கணக்குல தப்பான கேள்விய செட் பண்ணிட்டு ஹால்ல அசடு வழிஞ்சவங்கள நான் பார்த்திருக்கேன்.

மார்க் நீங்கதான் போடணும், அதுல பேச்சே இல்ல. ஒரு பையன் வந்து "ஏன் மேடம் 6 தான்?"னு நின்னா "ஏஐ போட்டுச்சு"ன்னா சொல்வீங்க? பொதுவா பசங்க பண்ற தப்ப நீங்க பத்து வரி எழுதி, அத ஒழுங்கா ஒரு பக்கம் ஆக்கிக் குடுன்னு ஏஐகிட்ட கேட்டு கிளாஸுக்கு குடுங்க, குடுக்கும்போதே இதுக்கு ஏஐ யூஸ் பண்ணினேன்னு சொல்லிடுங்க. நாம மறைச்சா பசங்களும் மறைப்பாங்க, அவங்களுக்கு நம்ம எழுத்து எது, அதோட எழுத்து எதுன்னு நல்லாவே தெரியும்.

புராஜெக்ட் ரிப்போர்ட்ல ஏஐ யூஸ் பண்ணினத சொல்லணும்னு கைடு சொல்றார். சொன்னா மார்க் குறைப்பாங்களோன்னு பயமா இருக்கு. எப்படி எழுதுறது?
– எம்பிஏ மாணவி, திருச்சி

பெரிய ஜர்னல்கள்ல கூட 2023ல இருந்து இதான் வழக்கம், ஏஐய ஆசிரியர்னு போடக்கூடாது, எதுக்கு யூஸ் பண்ணினன்னு சொல்லணும். "ஏஐ உதவி பெறப்பட்டது"ன்னு மொட்டையா போட்டா எல்லாத்தையும் அதுதான் எழுதிச்சுன்னு நினைப்பாங்க, அங்கதான் மார்க் போகும். விவரமா போடு. இப்படி: "கேள்விப்பட்டியல் நான் தயாரித்தது. அதிலிருந்த 22 கேள்விகளில் குழப்பமானவை எவை என்று சாட்ஜிபிடியிடம் கேட்டேன், அது சொன்ன ஐந்தில் மூன்றை மாற்றினேன். பேட்டிகள், எக்ஸல் கணக்கு, முடிவுகள் என்னுடையவை. மூன்றாம் அத்தியாயத்தின் ஆங்கிலத்தைத் திருத்த ஜெமினி பயன்படுத்தினேன். ஏஐ கொடுத்த மேற்கோள் எதையும் சேர்க்கவில்லை."

உன்னோடத வச்சு இத மாத்தி எழுதிக்கோ, இதையே காப்பி அடிச்சுடாத தாயி. ஏஐ சொன்ன அஞ்சுல மூணத்தான் மாத்தினேன்னு போடுற பாரு, அங்க எக்ஸ்டர்னல் கண்டிப்பா நிப்பார், "மிச்ச ரெண்ட ஏன் மாத்தல?"ன்னு கேட்பார். அதுக்கு மட்டும் தயாரா போ.